24 மாலை ஜெர்மனி, 25 காலை அமெரிக்கா

கேள்வி இதுதான். நியூஜெர்சியில் எட்டு வருடம் இருந்துவிட்டு இந்த ஆகஸ்டில் ஜெர்மனியின் மன்ஹைமுக்குக் குடிவந்திருக்கும் தமிழ்க் குடும்பம். பிள்ளைகளுக்கு ஏழு வயது, நான்கு வயது. சான்டா, கணப்படுப்பில் தொங்கும் காலுறை, 25-ஆம் தேதி காலையில் பரிசு பிரிப்பது என்று எல்லாம் அங்கேயே ஊறிவிட்டது. இங்கே பள்ளியில் ஒரு தோழி, "சான்டாவெல்லாம் கிடையாது, கிறிஸ்ட்கின்ட்தான் பரிசு கொண்டுவரும், அதுவும் 24-ஆம் தேதி சாயங்காலமே" என்று சொல்லிவிட, பெரியவள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்திருக்கிறாள். எந்த ஊர் முறையில் கொண்டாடுவது என்று கேட்கிறீர்கள்.

நான் பதினான்கு வருடமாக கைசர்ஸ்லாவ்டர்னில் இருக்கிறேன். உங்களிடமிருந்து மேற்கே ஒரு மணி நேரம். பக்கத்திலேயே ராம்ஸ்டைன் அமெரிக்க விமானப்படைத் தளம். சுற்றுவட்டாரத்தில் சுமார் 50,000 அமெரிக்கர்கள். ஊர்ப்பெயர் வாயில் நுழையாமல் அவர்கள் இதை 'கே-டவுன்' ஆக்கிவிட்டார்கள். எங்கள் எதிர்வீட்டில் மனைவி ஒஹாயோக்காரர், கணவர் இந்த மண்ணின் ஆள், மாமியார் இரண்டு தெரு தள்ளி. ஆக, உங்கள் வீட்டில் இந்த வருடம் ஆரம்பித்திருக்கும் பஞ்சாயத்தை நான் வருடாவருடம் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறவள்.

முதலில் குழந்தையின் அழுகைக்கு வருகிறேன். தோழி சொன்னது அவள் ஊர்க் கணக்கில் சரி. ஒரு காலத்தில் இங்கே பிள்ளைகளுக்குப் பரிசு கிடைத்தது டிசம்பர் 6-ஆம் தேதி, புனித நிக்கோலாஸ் நாளில். 16-ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர் வழி வந்தவர்களுக்குப் புனிதர் வழிபாடு பிடிக்கவில்லை. பரிசு தருவது குழந்தை இயேசுதான் என்று சொல்லி, அதைக் கிறிஸ்துமஸுக்கு நகர்த்தினார்கள். போகப்போக அந்தக் குழந்தை இயேசு, வெள்ளை உடையும் பொன்னிறச் சுருள்முடியும் கொண்ட தேவதை மாதிரி ஒரு உருவமாக மாறிவிட்டது. அதுதான் கிறிஸ்ட்கின்ட். வேடிக்கை என்னவென்றால், சீர்திருத்தச் சபையார் ஆரம்பித்த இந்த வழக்கத்தை இன்றைக்கு இறுக்கிப் பிடித்திருப்பவை கத்தோலிக்கர்கள் அதிகமுள்ள தெற்கும் மேற்கும். வடக்கிலும் கிழக்கிலும் சிவப்பு அங்கி, வெள்ளைத் தாடியோடு வைநாக்ட்ஸ்மான் வந்துவிட்டார். மன்ஹைமுக்குப் பதிலாக ஹாம்பர்க்குக்கு மாற்றலாகியிருந்தால் உங்கள் மகள் அழுதிருக்கவே மாட்டாள். அவருக்கும் சான்டாவுக்கும் ஆறு வித்தியாசம் கண்டுபிடிப்பதே கஷ்டம்.

அடுத்து அவளிடம் சொல்லவேண்டியது, சான்டாவும் இந்தப் பக்கத்து ஆள்தான் என்பது. 18-ஆம் நூற்றாண்டில் இந்த ஃபால்ட்ஸ் வட்டாரத்திலிருந்து கூட்டம் கூட்டமாகப் பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறினார்கள். கூடவே 'கிறிஸ்ட்கின்டல்' என்ற பெயரும் போனது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் வாயில் உருண்டு உருண்டு அது 'கிரிஸ் கிரிங்கிள்' ஆகி, கடைசியில் சான்டாவுக்கே இன்னொரு பெயராக ஒட்டிக்கொண்டது. உங்கள் மகள் அந்தப் பெயரைக் கேட்டிருப்பாள். தோழி சொல்லும் கிறிஸ்ட்கின்டும் அவளுடைய சான்டாவும் ஒரே பெயரில் சந்தித்திருக்கிறார்கள்.

சான்டாவுக்கு இன்றைய உருவம் கொடுத்தவரும் பக்கத்து ஊர்க்காரர். கார்ட்டூன் ஓவியர் தாமஸ் நாஸ்ட் 1840-இல் லாண்டாவில் பிறந்தவர். ஆறு வயதில் குடும்பத்தோடு நியூயார்க் போனார். ஹார்ப்பர்ஸ் வீக்லி பத்திரிகையில் 1863 முதல் இருபது வருடத்துக்கு மேல் சான்டாவை வரைந்தார். தொந்தி, ரோம உடை, வடதுருவப் பட்டறை, நல்ல பிள்ளை - கெட்ட பிள்ளை கணக்கு நோட்டு எல்லாம் அந்தப் படங்கள் வழியாக ஊருக்குள் பரவியவை. கோகோ கோலாவின் பிரபலமான விளம்பரச் சான்டா 1931-இல்தான் வந்தார். அந்தக் கம்பெனிதான் அவருக்குச் சிவப்புச் சட்டை போட்டுவிட்டது என்று பலர் நம்புகிறார்கள், அது சரியில்லை. லாண்டாவின் கிறிஸ்துமஸ் சந்தைக்கே நாஸ்ட் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். மன்ஹைமிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போங்கள். சான்டாவை வரைந்தவர் பிறந்த ஊர் என்று சொன்னால் அழுகை தன்னால் நிற்கும்.

சரி, சாமான்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். மரம், மெழுகுவர்த்தி, தாடிக்காரர், பிஸ்கட் எல்லாம் ஜெர்மனியிலிருந்து போனவை, அல்லது இரண்டு ஊருக்கும் பொதுவானவை. அப்படியென்றால் சண்டை எங்கே வருகிறது? நேரத்தில். நம் வீட்டுத் தீபாவளியை நினைத்துப் பாருங்கள். விடிவதற்கு முன் எண்ணெய் தேய்த்துக் குளித்து, இட்லி சாப்பிட்டு, வெடியும் வெடித்துவிட்டுப் பத்து மணிக்கு நாம் அசந்து உட்காரும்போது, வடக்கத்தி நண்பர் வீட்டில் இன்னும் பூஜைக்கே ஏற்பாடு நடக்கவில்லை. அதே பண்டிகைதான், கடிகாரம் வேறு. இதுவும் அப்படித்தான்.

அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழன் நன்றியறிதல் நாள் முடிந்த கையோடு மரம் ஏறிவிடும். ஒரு மாதம் கொட்டமடித்து 25-ஆம் தேதி உச்சத்துக்குப் போய், 26-ஆம் தேதி பல வீடுகளில் மரம் தெருவோரத்தில் கிடக்கும். ஜெர்மானியக் கணக்கில் அந்த மாதம் காத்திருக்கும் காலம். நவம்பர் கடைசியில் இறந்தவர்களை நினைக்கும் ஒரு ஞாயிறு உண்டு. அது கழியும்வரை விளக்குப் போடுவதே மரியாதையில்லை என்று நினைக்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய முறைப்படி, கூடத்துக்குள் மரம் வருவதே 24-ஆம் தேதிதான். வந்த மரம் ஜனவரி 6 வரை நிற்கும். "பண்டிகை ஆரம்பிக்கும்போது மரத்தைத் தூக்கி எறிகிறார்கள்" என்று எதிர்வீட்டு மாமியார் அமெரிக்கர்களைப் பற்றிச் சொல்வார். "டிசம்பர் முழுக்க மொட்டை வீடு" என்று மருமகள் சொல்வார். கடைசியில் அவர்கள் வீட்டில் உடன்பாடு இப்படி ஆனது: நவம்பரிலேயே பிள்ளைகள் அறையில் இடுப்புயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மரம், அதில் அவர்கள் இஷ்டம்போல் ஜிகினா. கூடத்தில் நிஜ மரம் 23-ஆம் தேதி ராத்திரி, பிள்ளைகள் தூங்கிய பிறகு. 24 மாலைவரை கூடத்துக் கதவு பூட்டியே இருக்கும்.

மாமியார் வீட்டு மரத்தில் இன்னும் நிஜ மெழுகுவர்த்திதான், கிளைகளில் கவ்வியால் மாட்டி. முதல் வருடம் என் தோழியான அந்த ஒஹாயோ மருமகள் அங்கே போயிருந்தபோது திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு வாளித் தண்ணீர் இருப்பதைப் பார்த்துவிட்டார். எல்லோரும் மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் பாட்டு முடியும்வரை வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

காத்திருப்பதைப் பிள்ளைகளுக்குச் சுவையாக்கத்தான் இங்கே அத்தனை ஏற்பாடும். ஹாம்பர்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய வைகர்ன் என்ற போதகரை, "இன்றைக்குக் கிறிஸ்துமஸா, நாளைக்கா" என்று பிள்ளைகள் தினமும் நச்சரித்தார்கள். 1839-இல் அவர் ஒரு மரச்சக்கரத்தில் வார நாள்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவர்த்தி இருபதும், ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி நான்கும் வைத்து, நாளுக்கொன்றாக ஏற்றினார். அதுதான் சுருங்கி இன்றைக்கு நான்கு மெழுகுவர்த்தி வைத்த பச்சை வளையமாகியிருக்கிறது. 24 கதவு வைத்த காலண்டரும் இந்த ஊர்ச் சரக்குதான். உங்கள் பிள்ளைகளுக்கு அது அமெரிக்காவிலேயே பழக்கமாகியிருக்கும், விடுகிறேன்.

டிசம்பர் 5 ராத்திரியை மட்டும் தவறவிடாதீர்கள். பூட்ஸைத் துடைத்து வாசலில் வைத்தால், விடிகாலையில் நிக்கோலாஸ் அதில் மாண்டரின் ஆரஞ்சு, வேர்க்கடலை, சாக்லேட் போட்டுவிட்டுப் போயிருப்பார். மறுநாள் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் இதைத்தான் பேசும். உங்கள் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்ல ஒன்றும் இல்லையென்றால் முகம் வாடிவிடும். அழுக்கு பூட்ஸை அவர் தொடமாட்டார் என்பது விதி. எங்கள் பையன் ஒரு வருடம் தன்னுடையதை விட்டுவிட்டு அப்பாவின் நாற்பத்தைந்தாம் நம்பர் பூட்ஸைத் துடைத்து வைத்தான். நிக்கோலாஸ் அடியில் செய்தித்தாளைத் திணித்துவிட்டு மேலே நான்கு ஆரஞ்சு வைத்தார்.

இப்போது 24. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சட்டப்படி அன்றைக்கு முழு விடுமுறை இல்லை. ஆனால் மதியம் இரண்டு மணிக்குக் கடைகளை மூடிவிட வேண்டும். 25, 26 இரண்டும் விடுமுறை. 2026-இல் 24 வியாழன், 27 ஞாயிறு. வியாழன் மதியம் விட்ட பாலைத் திங்கள் காலைதான் வாங்க முடியும். அமெரிக்காவில் ராத்திரி பத்து மணிக்குக் கடைக்கு ஓடிப் பழகியவர்கள் முதல் வருடம் இதில்தான் அடிபடுவார்கள்.

மூன்று, நான்கு மணிக்குத் தேவாலயங்களில் இயேசு மாட்டுக்கொட்டகையில் பிறந்த கதையைப் பிள்ளைகள் நடிக்கும் நாடகம் இருக்கும். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், சீக்கிரம் போனால் இடம் கிடைக்கும். நீங்கள் கிறிஸ்தவரா என்று யாரும் கேட்கமாட்டார்கள். நாங்கள் இல்லை, வருடாவருடம் போகிறோம். அப்புறம் வீடு திரும்பிச் சாப்பாடு. விருந்தை எதிர்பார்க்காதீர்கள்: பெரும்பாலான வீடுகளில் உருளைக்கிழங்கு சாலட்டும் வெந்நீரில் சூடாக்கிய தொத்திறைச்சியும். அன்றைய தினம் ஒரு காலத்தில் விரத நாளாக இருந்தது ஒரு காரணம். பகல் முழுக்க வேலை பார்த்த வீட்டம்மாவுக்குச் சுலபமாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. சாலட்டில் தெற்கே வினிகரும் சூப்பும், வடக்கே மயோனைஸ். இந்த விஷயத்தில் யாரிடமும் கருத்துச் சொல்லாதீர்கள், சாம்பாரில் வெல்லம் போடலாமா என்பது மாதிரியான சண்டை அது. வாத்தும் சிவப்பு முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கு உருண்டையும் 25 மதியம்தான்.

இருட்டியதும் பிள்ளைகளை ஒரு அறையில் உட்காரவைத்துவிடுவார்கள். பூட்டிய கூடத்துக்குள் ஒரு சின்ன மணி ஒலிக்கும். கிறிஸ்ட்கின்ட் வந்து போய்விட்டது என்று அர்த்தம். கதவு திறக்கும், மரம் எரிந்துகொண்டிருக்கும், ஜன்னல் லேசாகத் திறந்திருக்கும், அந்த வழியாகத்தான் அது பறந்து போயிருக்கிறது. கிறிஸ்ட்கின்டை யாரும் பார்க்கக் கூடாது. சான்டா மடியில் உட்கார்ந்து மாலில் படம் எடுத்துக்கொண்ட பிள்ளைகளுக்கு இந்தப் பார்க்க முடியாத சங்கதிதான் புதுசு. எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும்.

இந்த மணி விஷயம் தெரியாமல் நாங்கள் செய்த ஒரு காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கே வந்த முதல் வருடம். 24 சாயங்காலம் ஐந்தே முக்கால் மணி. நம் ஊர்ப் பழக்கத்தில், ஒரு தட்டில் முறுக்கும் அதிரசமும் வைத்துத் துணி போட்டு மூடி, நானும் வீட்டுக்காரரும் நல்ல உடை உடுத்திக்கொண்டு எதிர்வீட்டு அழைப்பு மணியை அடித்தோம். உள்ளே தடதடவென்று ஓடும் சத்தம். "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று ஜெர்மனில் ஒரு கூச்சல். யாரோ "நில்லுங்க" என்று கத்தினார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்த கணவர் கையில் ஒட்டுநாடா தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் திறந்த கூடம். பாதி அடுக்கிய பரிசுகளுக்கு நடுவே மனைவி மண்டியிட்டு, ஒரு சைக்கிளின் மேல் போர்வையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் இரண்டு பிள்ளைகள் என்னையும் அதிரசத் தட்டையும் மாறி மாறிப் பார்த்தன. சின்னது கேட்டது: "கிறிஸ்ட்கின்ட் நீங்களா?"

அதனால் சொல்கிறேன்: 24 மாலை முழுக்கமுழுக்க வீட்டாருக்கானது. தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது, அமெரிக்காவில் இருந்த மாதிரி அக்கம்பக்கத்தார் வந்து போகமாட்டார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அந்த ராத்திரி மனசைப் பிசையும். உங்களை ஒதுக்குகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பலகாரத் தட்டை 23-ஆம் தேதியே கொடுத்துவிடுங்கள், அல்லது சொந்தக்காரர்கள் போய்வரும் 26-ஆம் தேதி கொடுங்கள்.

எதிர்வீட்டில் 24 மாலை மாமியார் முறை, 25 காலை ஒஹாயோ முறை. உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன். பெரிய பரிசை மணி அடித்து 24 மாலை கொடுங்கள். ராத்திரி சான்டாவுக்குப் பிஸ்கட்டும் பாலும் வைத்துக் காலுறையைத் தொங்கவிடுங்கள். காலையில் அதில் பேனா, காலுறை, சாக்லேட் என்று சில்லறைச் சாமான்கள், அப்புறம் பான்கேக். இரண்டு வேளையும் முழுப் பரிசு என்று மட்டும் போகாதீர்கள். முதல் வருடம் அவர்கள் அப்படிச் செய்து பார்த்தார்கள். 25 காலை பெரிய பையன் மூன்றாவது பெட்டியைப் பிரிக்காமலே தள்ளி வைத்துவிட்டு அட்டையோடு விளையாடிக்கொண்டிருந்தான்.

சான்டா ஏன் தாமதமாக வருகிறார் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அவர் அமெரிக்காவிலிருந்து வரவேண்டும் அல்லவா என்று தோழி சமாளித்தார். "வடதுருவத்திலிருந்துதானே வருகிறார், அங்கிருந்து ஒஹாயோவைவிட நாம்தானே பக்கம்" என்று பையன் மடக்கினான். கடைசியில் கைகொடுத்தது நோராட். அமெரிக்க, கனடா கூட்டு வான்பாதுகாப்புத் தலைமையகம் அது. அதன் முன்னோடி அமைப்பு 1955-இல் ஆரம்பித்த வழக்கப்படி, சான்டா எங்கே பறக்கிறார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறது. இப்போது இணையத்தில் வரைபடமே உண்டு. ஜெர்மனி மேல் அவர் பறப்பதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் படுக்கப் போய்விடுவார்கள்.

கடிதம் எழுதும் பிள்ளை என்றால் இரண்டு பேருக்கும் எழுதட்டும். ஏங்கல்ஸ்கிர்ஷன் ஊர் அஞ்சலகத்தில் கிறிஸ்ட்கின்டும், ஹிம்மல்ஃபோர்ட்டில் வைநாக்ட்ஸ்மானும் பதில் போடுவார்கள். டிசம்பர் தொடக்கத்திலேயே அனுப்பிவிடுங்கள், அனுப்புநர் முகவரியை மறக்கவேண்டாம்.

சாமான் விஷயம் சுருக்கமாக. நியூஜெர்சி அலங்கார விளக்குச் சரங்களைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. நான் முன்பு பிட்ஸ்பர்க்கில் இரண்டு வருடம் இருந்தபோது வாங்கிய சரத்தை ஆசையாகக் கொண்டுவந்து, வெறும் பிளக் மாற்றியோடு சொருகினேன். டப்பென்று ஒரு சத்தம், வீடு முழுக்க இருட்டு. பிளக் மாற்றி துளையைத்தான் மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. அமெரிக்க நண்பர்கள் அனுப்பும் பரிசுப் பொட்டலம் 45 யூரோ மதிப்புக்குள் இருந்தால் வரி கிடையாது, மிஞ்சினால் கட்டவேண்டிவரும். முழு வான்கோழி வேண்டுமென்றால் இறைச்சிக்கடையில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், உங்கள் அடுப்புக்குள் நுழையுமா என்று அளந்துவிட்டு.

மரத்தில் ஒளித்து வைக்கும் கண்ணாடி ஊறுகாய் வெள்ளரிக்காயை, அது பழைய ஜெர்மானிய வழக்கம் என்று சொல்லி அமெரிக்காவில் உங்களிடமும் விற்றிருப்பார்கள். ஜெர்மானியர்களிடம் கேளுங்கள், பெரும்பாலானோர் விழிப்பார்கள். கண்ணாடி உருண்டைகள் மட்டும் நிஜமாகவே இந்த நாட்டுச் சரக்கு; துரிங்கியாவில் லௌஷா என்ற மலையூரில் ஊதியவை, 1880 வாக்கில் வுல்வொர்த் தன் கடைகளுக்கு இறக்குமதி செய்து அமெரிக்கா முழுக்கப் பரப்பினார். வெள்ளரிக்காய் கதை கடைக்காரர்கள் கட்டியது என்றுதான் நான் நினைக்கிறேன். விளையாட்டு நன்றாக இருக்கிறது, தொடருங்கள்.

இன்னொன்று. பொன்முடி தேவதைப் படங்களைப் பார்த்து, "நான் கிறிஸ்ட்கின்ட் ஆக முடியாதா" என்று பெரியவள் என்றாவது கேட்கக்கூடும். நியூரம்பெர்க் சந்தையைத் திறந்துவைக்க இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 16 முதல் 19 வயதுக்குள் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுப்பார்கள். 2019-இல் தேர்வானவரின் அப்பா இந்தியர். ஒரு வலதுசாரிக் கட்சியின் கிளை அதைக் கேலிசெய்து பதிவு போட்டது. ஊர் மொத்தமும் அந்தப் பெண் பக்கம் நின்றது. தேவாலய மாடத்தில் அவர் பொன்முடியும் கிரீடமும் வைத்துக்கொண்டு நிற்கும் படத்தைக் காட்டுங்கள். ஆனால் அதற்கு நியூரம்பெர்க்வாசியாக இருக்கவேண்டும், உயரம் 160 சென்டிமீட்டராவது வேண்டும், மேலிருந்து பார்த்தால் தலைசுற்றக் கூடாது.

டிசம்பர் 26-உடன் கடையைக் கட்டிவிடாதீர்கள். ஜனவரி 6 உங்களுக்கு விடுமுறை. ரைன் நதியைத் தாண்டினால் வேறு மாநிலம்; அங்கே லுட்விக்ஸ்ஹாஃபனில் விடுமுறை கிடையாது, கடைகள் திறந்திருக்கும். அந்த நாள்களில், குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்கள் வேடத்தில் பிள்ளைகள் உண்டியலோடு வருவார்கள். பாடிவிட்டு, நிலைக்கு மேல் வருடத்தையும் சி, எம், பி என்ற மூன்று எழுத்துகளையும் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவிட்டுப் போவார்கள். உண்டியலில் போடுவது ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்குப் போகிறது. அந்த எழுத்து வருடம் முழுக்க அங்கேயே இருக்கவேண்டும். தோழி முதல் வருடம் யாரோ தெருப்பிள்ளைகள் கிறுக்கியது என்று நினைத்து ஈரத்துணியால் பளிச்சென்று துடைத்துவிட்டார். மாமியார் வந்தார், நிலையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஜனவரியில் பிள்ளைகள் வந்தபோது அவரே ஓர் ஏணியைக் கொண்டுவந்து போட்டு, "இன்னும் கொஞ்சம் மேலே எழுதுங்கள்" என்றாராம்.